சிடியில் மாட்டிக்கொண்ட ஆண்டு மலர்



2001-இல் நம் பள்ளி ஆண்டு மலரை அச்சடிக்கப் பணம் சேரவில்லை. சிடியில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தோம், நினைவிருக்கிறதா? என் சிடி போன வாரம் பரணில் கிடைத்தது. பேரன் போட்டுப் பார்த்தான். சிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோப்பைத் திறந்தால்தான் தமிழே இல்லை. கொம்பும் கொக்கியும் முளைத்த ஆங்கில எழுத்துகள் பக்கம் பக்கமாக. வட்டெழுத்துக் கல்வெட்டின் முன்னால் நிற்கிற மாதிரிதான் இருந்தது. கல் நன்றாகவே இருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அப்போது தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனி ராஜ்யம். ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்துகளை அவரவர் விருப்பப்படி உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் 'க' வைத்த எண்ணில் இன்னொருவர் 'ழ' வைத்திருப்பார். எழுத்துரு போனால் எழுத்தும் போச்சு. 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்.

இந்தக் குழப்பத்தில் தப்பிப் பிழைத்தது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் மயிலை, இணைமதி எழுத்துருக்கள், பிறகு திஸ்கி, அதன்பின் யூனிகோடு. தரம் மாறியபோது பழைய கோப்புகளையும் மாற்றினார்கள். புது நூல் ஏற்றுவதைவிட இதுதான் பெரிய வேலை என்பேன். யார் கண்ணிலும் படாது.

திருமழபாடியில் இதே வேலை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். இராசேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இடிக்கும் முன்பே படியெடுத்தார்கள், அதுதான் விஷயம். நாமோ கம்ப்யூட்டரை மாற்றினோம், படியெடுக்கவில்லை.

(ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில், ஆவணங்களைப் பீங்கான் பலகையில் பதித்து வைக்கிறார்கள். விருத்தாசலத்துப் பிள்ளைகளே, கவனியுங்கள்!)

அந்த மலரில் நம் தமிழையா சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைப் பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது. கையெழுத்துப் படி கிடையாது. ஐயாவும் இப்போது இல்லை. வெறும் நோட்பேட் கோப்பு என்பதால் எழுத்துருவின் பெயர்கூடப் பதிவாகவில்லை. நாலைந்து மாற்றிகளில் போட்டுப் பார்த்தோம், அரைகுறையாகத்தான் வருகிறது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து சென்டரில் உட்கார்ந்து அதை டைப் செய்த தம்பி இதைப் படித்தால், எந்த எழுத்துருவில் அடித்தாய் என்று மட்டும் சொல்லப்பா.