எம்.சி. ராஜா தோற்ற மசோதா

ஸ்ரீவில்லிபுத்தூர் 2011 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. அதற்கு முன்பு பக்கத்து ராஜபாளையம் தனித்தொகுதியாக இருந்தது. வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வாக்களிப்பவர்களோ எல்லாச் சாதியினரும். 1932 பூனா ஒப்பந்தம் போட்ட பாதை இது. அதற்குச் சில மாதம் முன்பே இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து இந்தக் கூட்டுத் தொகுதி முறையை ஏற்றவர் எம்.சி. ராஜா. பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராக இருந்து, 1920இல் சென்னை சட்டசபைக்கும் 1927இல் மத்திய சட்டசபைக்கும் போனவர். தனி வாக்காளர் தொகுதி கேட்ட அம்பேத்கரை எதிர்த்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. தான் ஏற்ற முறையின் பலவீனம் என்ன என்பதைத் தன் தோல்வியாலேயே காட்டிச் சென்றவர் அவர்.

1938இல் சென்னை சட்டசபையில் அவர் முயற்சியால் பொதுக்கிணறு, பொதுச்சாலை போன்றவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. கோயில் நுழைவு மசோதாவையும் கொண்டுவந்தார். அப்போது மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, மலபாருக்கு மட்டும் முதலில் சட்டம் செய்வோம், இதைத் திரும்பப் பெறுங்கள் என்றார். ராஜா மறுத்தார், மசோதா தோற்றது. அந்தச் சபையில் ஒடுக்கப்பட்டோருக்கென 30 இடங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை காங்கிரஸிடம். அந்த உறுப்பினர்கள் தங்கள் மக்களின் கோரிக்கைக்குக் கை தூக்கவில்லை, கட்சிக் கட்டளைக்குத் தூக்கினார்கள். அவர்களைக் கோழைகள் என்று ஏசிப் பயனில்லை. சீட்டு கொடுத்தது கட்சி, வெற்றி பெற வைத்தது பிற சாதியினரின் வாக்கு.

"ராஜாஜி நிதானமாகப் போனது சரிதானே, மறு ஆண்டே வழி பிறந்ததே?" என்று கேட்கலாம். பிறந்தது உண்மை. 1939 ஜூலை 8இல் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்டோரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அரசும் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் கோயில் நிர்வாகிகளின் இசைவை நம்பியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் உள்ளிட்ட மாகாணத்துக் கோயில்களில் நுழைவது உரிமையானது 1947 சட்டத்தால்தான். ராஜா 1943இலேயே காலமாகிவிட்டார்.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடியது. 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டில் முதல் கறுப்பினத்தவராக அமர்ந்தார். 1877க்குப் பின் மத்தியப் படை காவல் நீங்கியது, கறுப்பினத்தவரின் வாக்குகள் பறிபோயின, 1901 முதல் 1929 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. அங்கே இருக்கையே போயிற்று. இங்கே இருக்கை நிலைத்தது, அதில் அமர்ந்தவரின் குரல்தான் கட்சியிடம் அடகு போனது. ஒடுக்கப்பட்டோர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி இருந்திருந்தாலும் 1938இல் 30 பேரால் மசோதாவை நிறைவேற்றியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்து வாக்களித்தவர் அடுத்த தேர்தலில் சேரிக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.