தண்டனைத் தீவில் தேன்நிலவு



நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். ஒரகடத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறேன். ஏரியும் கழனியுமாக இருந்த எங்கள் பக்கத்தில் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் சென்ற மார்கழியில் என்னைக் காண வந்தான். தை மாதத்தில் அவனுக்குத் திருமணம். மணமகள் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றில் பணிபுரிபவள். இருவரும் தாமே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டவர்கள், சாதி வேறு. மணம் முடிந்ததும் தேன்நிலவுக்கு அந்தமான் செல்வதென்று முடிவு செய்து, விடுப்பு நாட்களைத் தாளில் வகுத்தே கொண்டுவந்திருந்தான்.

உடன் வந்த தந்தையாரின் முகம் வாடியிருந்தது. "ஐயா, திருமணத்துக்கே அரை மனத்தோடுதான் இசைந்தேன். நல்ல காரியம் முடிந்த கையோடு கைதிகளை அனுப்பிய தீவுக்கா போவது? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அவர் அஞ்சியதில் வியப்பில்லை. 1952-இல் வந்த தமிழ்ப் படத்தின் பெயர் 'அந்தமான் கைதி'. 1978-இல் வந்ததோ 'அந்தமான் காதலி'. கைதியின் தீவு காதலரின் தீவான கதையை அன்று அவர்களுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் கூறுகிறேன்.

அந்தமான் ஆளில்லாத தீவாக என்றும் இருந்ததில்லை. ஓங்கியர், ஜாரவர், சென்டினலியர் போன்ற தொல்குடியினர் அங்கே நெடுங்காலமாக வாழ்கின்றனர். 1857-இல் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில அரசு, 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளை அங்கே கொண்டு இறக்கியது. கடல் கடந்தால் சாதி போகும் என்று நம்பிய மக்கள், அக்கடலைக் 'காலாபானி' என்று அஞ்சி அழைத்தனர். 1896 முதல் 1906 வரை செல்லுலார் சிறை கட்டப்பட்டது. நடுவில் ஒரு கோபுரம். அதைச் சுற்றி ஏழு கிளைகள். கைதி ஒவ்வொருவனும் தனி அறையில் அடைபட்டான். விடுதலை வீரர் பலர் அங்கே செக்கிழுத்தனர்.

அத்தீவிலும் திருமணங்கள் நடந்தன என்பதைப் பலர் அறியார். சில ஆண்டுகள் நன்னடத்தையுடன் கழித்த கைதிக்கு நிலம் உழுது தானே பிழைக்கும் உரிமை தரப்பட்டது. அத்தகையவன், அங்கேயே தண்டனை பெற்றிருந்த பெண்ணை மணக்கலாம். ஆனால், அதிகாரியின் அனுமதி வேண்டும். சாதியும் ஊரும் மொழியும் வேறான இருவர் அவ்வாறு இணைந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் 'உள்ளூரில் பிறந்தோர்' என்ற பெயருடன் இன்றும் அங்கே வாழ்கின்றனர். சாதி போகும் என்று அஞ்சிய கடலுக்கு அப்பால், சாதியைக் கடந்த ஒரு சமுதாயமே தோன்றிவிட்டது!

1921-இல் மலபாரில் நடந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் கைதிகள் பலர் அங்கே அனுப்பப்பட்டனர். குடும்பத்தை வரவழைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. பிரிந்து வந்த ஊர்ப் பெயர்களைக் குடியேறிய ஊர்களுக்குச் சூட்டினர். பவளப் பாறைகளைக் காண இன்று இளந்தம்பதியர் படகேறும் வண்டூர், அவ்வாறு பெயர் பெற்ற ஊரே.

1943 டிசம்பரில் நேதாஜி அங்கே தேசியக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்குச் 'சுயராஜ்யம்', 'தியாகி' என்னும் பொருள்படப் பெயரிட விரும்பினார். ராதாநகர்க் கடற்கரை உள்ள ஹேவ்லாக் தீவு, 2018-இல் ஸ்வராஜ் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் நகரம் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. செல்லுலார் சிறையில் எஞ்சிய மூன்று கிளைகள் 1979 முதல் தேசிய நினைவுச் சின்னமாக விளங்குகின்றன.

இவ்வளவும் சொன்னபின், மாணவனின் தாளை வாங்கிப் பார்த்தேன். தை மாதத்தைத் தேர்ந்தது சரி; தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கே கடல் கொந்தளிக்கும். சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் வரை ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். விடுப்புக் குறைவாதலால் விமானமே ஏற்றது. ஒன்றே ஒன்றைத் திருத்தினேன். முதல் நாள் மாலை கடைவீதி என்றிருந்ததை அடித்துவிட்டுச் சிறைச்சாலை என்று எழுதினேன். தொல்குடியினர் வாழும் பகுதியில் அவர்களைப் படம் பிடிக்கலாகாது என்றும் சொன்னேன்.

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே மணந்தவர்களுக்கு மேலதிகாரி உத்தரவு தர வேண்டியிருந்தது என்றீர்களே?" என்று கேட்டார்.

"ஆம். உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் அது வேண்டியதில்லை. ஆனால், உங்கள் வாழ்த்து வேண்டும்" என்றேன்.

அவர் தாளைத் தம் கையில் வாங்கி, மகனிடம் திரும்பி வரும் நாள் எதுவென்று கேட்டார். அவன் விரலால் தொட்டுக் காட்டினான். "அன்று விமான நிலையத்துக்கு நானே வந்து இருவரையும் அழைத்துச் செல்கிறேன்" என்றார்.

இளைஞர்களே, கைதிக்கும் பயணிக்கும் கடல் ஒன்றே, கரையும் ஒன்றே. விரும்பிய துணையுடன் விரும்பிய இடத்துக்குச் சென்று, விரும்பிய நாளில் வீடு திரும்புவதே விடுதலை. அதை உங்களுக்கு ஈட்டித் தந்தவர்களின் அறைமுன் ஒரு நாழிகை நின்றுவிட்டு, அதன்பின் கடற்கரைக்குச் செல்லுங்கள்.