இரண்டு முறை உறையும் தயிர்

வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி மோரை விட்டு மூடி வைத்தால் மறுநாள் காலையில் தயிர் உறைந்திருக்கும். தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தால் அதுவும் உறைந்துவிடும். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். உறைதல்!

ஆனால் இந்த இரண்டு உறைதலும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. முதலாவதற்கு வெதுவெதுப்பு வேண்டும். இரண்டாவதற்குக் கடுங்குளிர் வேண்டும். இன்று "ஃப்ரோசன் யோகர்ட்" என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் உறைந்த தயிர், இந்த இரண்டு உறைதலும் ஒரே கிண்ணத்தில் நடந்து முடிந்த பண்டம். முதல் உறைதல் தமிழர் அடுக்களையில் 2000 ஆண்டுகளாக இருக்கிறது. இரண்டாவது உறைதல் அதே அடுக்களைக்கு வந்து சேரக் கப்பலும், இயந்திரமும், மின்சாரமும் தேவைப்பட்டன. அது எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலைமேல் ஒரு சிக்கல்

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில், சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஊர் செம்மநத்தம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்துச் சேலத்தில் சித்திரை மாதம் உறை ஊற்றிய பால் சில மணி நேரத்திலேயே தயிராகி, கவனிக்காமல் விட்டால் புளித்தும் போகும். மலைமேல் மார்கழியில் கதை தலைகீழ். இரவில் 13, 14 டிகிரி வரை குளிர் இறங்கும்போது, விடிந்த பிறகும் பால் பாலாகவே இருக்கும்.

காரணம் எளிது. தயிரை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்குச் சுமார் 40 டிகிரி வெப்பம் மிகவும் பிடிக்கும். அவை பாலில் உள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடக்கூடப் பாலின் புரதம் திரண்டு கெட்டியாகிறது. குளிரில் இந்த வேலை மந்தமாகிவிடும். அதனால்தான் குளிர்ந்த ஊர்களில் உறை ஊற்றிய பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைப்பார்கள்.

சரி, தயிர் உறைய விடாத அந்தக் குளிர், தண்ணீரையாவது உறைய வைக்குமா? அதுவும் இல்லை. தண்ணீர் உறைய பூஜ்ஜியம் டிகிரி வேண்டும். சேர்வராயன் மலையின் குளிர், தயிருக்கு அதிகம்; பனிக்கட்டிக்குப் போதாது. தமிழ்நாட்டின் குளிர்ந்த மலை ஒன்றிலேயே இந்த நிலை என்றால், சமவெளியில் ஐஸ் என்பது எவ்வளவு அரிய பொருளாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் உறைதல்

தயிர் அப்படி அரிதாக இருக்கவில்லை. சங்க இலக்கியத்தில் குறுந்தொகையின் 167-ஆம் பாடல் ஒரு புதுமணப் பெண்ணின் சமையலைச் சொல்கிறது. கெட்டித் தயிரை விரலால் பிசைந்து, அந்தக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட அவள் சமைத்த புளிப்புக் குழம்பைக் கணவன் இனிது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. பாடியவர் கூடலூர் கிழார்.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர் மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று, மோருக்குத் தானியம் வாங்கிக் குடும்பத்தைக் காக்கிறாள். நெய்யை விற்கும்போது பொன் வேண்டாம் என்று சொல்லி எருமையும் பசுவும் வாங்குகிறாள். தயிர் அன்றே வீட்டு உணவாகவும் இருந்தது, பெண்களின் கைத்தொழிலாகவும் இருந்தது.

தயிருக்கு வேண்டியது பாலும், நேற்றைய தயிரில் ஒரு கரண்டியும் மட்டுமே. உறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். உறை ஊற்றுவது, பிரை ஊற்றுவது, புரை குத்துவது என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் முறை ஒன்றுதான். இதற்கு அரசனின் ஆணையும் தேவையில்லை, கப்பலும் தேவையில்லை.

குளிரைத் தேடியவர்கள்

குளிர்ச்சிக்கோ அரசனே பாடுபட வேண்டியிருந்தது. அக்பர் காலத்து நூலான அயினி அக்பரி, வெடியுப்பு கரைந்த நீரில் குடத்தை வைத்துக் குடிநீரைக் குளிர வைத்த முறையைச் சொல்கிறது. வெடியுப்பு நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 1580-களில் அக்பரின் அவை பஞ்சாபுக்கு மாறிய பிறகு, வட மலைகளிலிருந்து பனிக்கட்டி கொண்டுவரப்பட்டது.

1775-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், அலகாபாத் பக்கத்தில் மக்கள் ஐஸ் செய்த முறையை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தரையில் பள்ளம் தோண்டி, கரும்புத் தட்டையைப் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்சட்டிகளில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் வைப்பார்கள். மேகமில்லாத, காற்று வறண்ட குளிர்கால இரவுகளில் மெல்லிய ஐஸ் படலம் உண்டாகும். விடியும் முன் அதைத் திரட்டிக் குழிகளில் சேமிப்பார்கள். நீர் ஆவியாகும்போதும், தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் வெளியேறும்போதும் சட்டியில் உள்ள தண்ணீர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கடலோர ஈரக் காற்று வீசும் சென்னையிலோ, மார்கழியில் மூடுபனி சூழும் ஏற்காட்டிலோ இந்த முறை பலிக்காது.

ஆங்கிலேயர்களுக்குத் தென்னிந்தியாவில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குளிர் இருக்கும் இடத்துக்கு ஏறிப் போவது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரைத் தொடங்கி வைத்தார். தோட்டங்களும் பங்களாக்களும் மலையில் பெருகின. இன்னொன்று, குளிரையே கப்பலில் வரவழைப்பது!

கப்பலில் வந்த ஐஸ்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் இதைத்தான் செய்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டு மூடிக் கப்பலில் ஏற்றினார். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கிளம்பியது. செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிச்சம் இருந்தது. நான்கு மாதக் கடல் பயணம், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வந்த ஐஸ்!

அடுத்து பம்பாயிலும் சென்னையிலும் ஐஸ் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-இல் வந்த கிடங்குதான் "ஐஸ் ஹவுஸ்". மூன்று கிடங்குகளில் இன்று எஞ்சி நிற்பது இது ஒன்றே. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் அது இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள்.

வால்டன் குளத்தில் ஐஸ் அறுக்கப்படுவதை 1846-47 குளிர்காலத்தில் பார்த்த அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தன் கிணற்றுத் தண்ணீரைச் சென்னைக்காரர்களும் குடிக்கிறார்கள் என்ற கருத்தில் தன் நூலில் எழுதினார். சென்னைக்காரர்களில் யார் குடித்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த ஐஸ் பெரும்பாலும் போனது வெள்ளைக்காரர்களின் மதுக்கோப்பைக்கும், அவர்கள் வீட்டுக் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும்தான். மோர் விற்ற பெண்ணின் பானைக்கு அது வரவில்லை.

1874-இல் சென்னையிலும் 1878-இல் கல்கத்தாவிலும் இயந்திரத்தால் ஐஸ் செய்யும் கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அமெரிக்க ஐஸ் வியாபாரம் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது.

பெட்டியில் வந்த குளிர்

இயந்திர ஐஸ்தான் குளிரைத் தெருவுக்கு இறக்கியது. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி, மூடியைத் தட்டும் சத்தம், பால் ஐஸ், சேமியா ஐஸ்... தமிழ்நாட்டுக் கிராமக் குழந்தைகளில் பலர் குளிரை முதலில் நாக்கில் உணர்ந்தது அந்தப் பெட்டியிலிருந்துதான். அந்தத் தண்ணீர் சுத்தமானதா, இனிப்பு சர்க்கரையா சாக்கரினா என்ற கவலை அம்மாக்களுக்கு எப்போதும் இருந்தது.

1958-இல் கோத்ரேஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்சாதனப் பெட்டி தயாரித்தது. ஆனாலும் அது நடுத்தரக் குடும்பங்களுக்குப் பரவலாக வரப் பல ஆண்டுகள் ஆயின. பாலும் அப்படித்தான். 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் பால்தான் கிடைத்தது. இன்று அது 400 கிராமைத் தாண்டிவிட்டது. தயிர் எல்லோருக்கும் தெரிந்த உணவாக இருந்தாலும், எல்லோர் வீட்டிலும் கிண்ணம் நிறையக் கிடைத்த உணவு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

மருந்துக் கடையில் தயிர்

இதற்கிடையில் ஐரோப்பா தயிரை ஒரு மருந்தாகக் கண்டுகொண்டது. 1905-இல் பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், தயிரில் உள்ள நுண்ணுயிரியை ஜெனீவாவில் ஆராய்ந்து சொன்னார். பாரிஸில் இருந்த ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகோவ், தயிர் முதுமையைத் தள்ளிப் போடும் என்று வாதிட்டார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது நோய் எதிர்ப்பு ஆய்வுக்கான பரிசு, தயிருக்கானது அல்ல. தயிரால் ஆயுள் கூடும் என்பது நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் தயிருக்கு நல்ல விளம்பரமாயிற்று. 1919-இல் பார்சிலோனாவில் தொடங்கிய டானோன் நிறுவனத்தின் தயிர் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது.

1970-களில் அமெரிக்காவின் ஹூட் என்ற பால் நிறுவனம் 'ஃப்ரோகர்ட்' என்ற பெயரில் தயிரை ஐஸ்கிரீம் போல உறைய வைத்து விற்றது. 1981-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டி.சி.பி.ஒய் கடை தொடங்கி நாடெங்கும் பரவியது. கொழுப்பு குறைவு, அதனால் உடம்புக்கு நல்லது என்பதுதான் விற்பனை மந்திரம். புளிப்பை மறைக்கச் சேர்த்த சர்க்கரையைப் பற்றி அந்த மந்திரம் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த பரிந்துரைப்படி, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் மிகவும் நல்லது. தேனும் நாட்டுச் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வீட்டில் செய்யும் முறை

இனி இந்த வரலாறு முழுவதும் வீட்டுக் கிண்ணத்துக்குள் வரலாம்.

ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்ற வேண்டும். செம்மநத்தம் போன்ற மலையூர் என்றால் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பது நல்லது. உறைந்த தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி 3, 4 மணி நேரம் தொங்கவிட்டால் ஏறத்தாழ பாதியாகும். குஜராத்திகளும் மராட்டியர்களும் ஸ்ரீகண்ட் செய்யப் பயன்படுத்தும் அதே முறைதான். தண்ணீர் அதிகம் இருந்தால் பெரிய ஐஸ் துகள்கள் உண்டாகித் தயிர் கல் போலாகும். வடிந்த நீரைக் கொட்டாமல் ரசத்திலோ சப்பாத்தி மாவிலோ சேர்க்கலாம்.

கெட்டித் தயிரில் நன்கு பழுத்த இரண்டு வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் இனிப்பும் வரும், வழவழப்பும் வரும். சேர்வராயன் மலையில் விளையும் பலா, கொய்யா எதுவும் பொருந்தும். ஆரஞ்சுச் சாற்றில் தண்ணீர் அதிகம் என்பதால் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது. போதாவிட்டால் இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. பிறகு அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒரு முறையாக மூன்று நான்கு தடவை நன்றாகக் கிளறிவிட வேண்டும். கிளறும்போது ஐஸ் துகள்கள் உடைந்து சிறிதாகின்றன. 1843-இல் அமெரிக்காவின் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை பெற்ற கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் வாளியும் இதே வேலையைத்தான் செய்தது.

ஃப்ரீசர் இல்லாதவர்கள் அந்த வாளி முறையையே பின்பற்றலாம். மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்தால் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே வெகுவாக இறங்கும். நடுவில் மூடிய தூக்குச்சட்டியில் தயிரை வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் உறைந்துவிடும். உப்பு நீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உறைய வைப்பதால் தயிரின் நுண்ணுயிரிகள் எல்லாம் செத்துப் போவதில்லை. பெரும்பகுதி உறக்கத்தில் இருக்கும், வெப்பம் வந்ததும் விழிக்கும். ஆனால் மின்சாரம் போய்க் கரைந்ததை மீண்டும் மீண்டும் உறைய வைத்தால் சுவையும் போகும், பக்குவமும் போகும்.

ஒரு காலத்தில் நான்கு மாதம் கடலில் வந்த குளிர், இன்று மலைமேல் இருக்கும் ஒரு வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் குளிரில் எதை உறைய வைக்கிறோம், அதில் எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறோம் என்பது மட்டும் இப்போது வீட்டாரின் கையில். எல்லாத் தயிரையும் துணியில் கட்டுவதற்கு முன்னால் ஒரு கரண்டியை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். நாளைய பாலுக்கு உறை வேண்டுமே!