கயிறும் மழையும்: பாராகிளைடிங் பாதுகாப்பின் வரலாறு

பாராசூட்டைக் கயிற்றால் இழுத்து ஆளை மேலே ஏற்றும் முறை பாராகிளைடிங்குக்கும் மூத்தது. 1960களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் பியேர் லெமுவான், வட்டப் பாராசூட்டில் பிளவுகள் அமைத்து அதை முன்னோக்கி நகரச் செய்தார். வண்டியோ படகோ இழுத்தால் அது மேலே ஏறியது. பிரான்சின் மியூசி கிராமத்துச் சரிவில் பாராசூட் வீரர்கள் ஓடிப் பறந்தது 1978இல்தான். பாராகிளைடிங் அங்கே பிறந்ததாகவே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அதன் பாதுகாப்பு விதிகளில் கணிசமானவை கயிற்றோடு போராடியவர்களிடமிருந்து வந்தவை. பிரிட்டனில் வால்டர் நியூமார்க்கும் அவருடைய கூட்டாளிகளும் பாராசூட் சங்கத்திலிருந்து பிரிந்து, 1973இல் இழுத்தேற்றும் கிளப்புகளுக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்.

சரிவில் புறப்படுபவர் தன் முடிவைத் தானே எடுக்கிறார். கயிற்றில் ஏறுபவரின் உயிரோ பாதி இன்னொருவர் கையில் இருக்கிறது. கிளைடர் ஒரு பக்கம் விலகிய பிறகும் இழுப்பு தொடர்ந்தால், அந்த இழுப்பே அதை மேலும் சாய்க்கும். ‘லாக்அவுட்’ எனப்படும் இந்நிலையில் பிரேக்கைப் பிடித்துத் திருப்பப் பார்ப்பது பலிக்காது. சில நொடிகளில் தரை வந்துவிடும். நிலையான நீளக் கயிற்றை வண்டியில் கட்டி இழுத்த காலத்தில் இழுவிசையைச் சீராகக் கட்டுப்படுத்துவது கடினமாக இருந்தது. பின்னர் வந்த, கயிற்றைச் சுருட்டி இழுக்கும் ‘விஞ்சு’ இயந்திரங்களில் விசையைக் கட்டுப்படுத்த முடிந்தது. அளவு மீறினால் தானே அறுபடும் மெல்லிய இணைப்பு, பறப்பவர் கையிலுள்ள விடுவிப்பான், விஞ்சில் கயிறு வெட்டும் கருவி ஆகியவை ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் ஏற்பாடாயின. டெக்சாஸைச் சேர்ந்த டானல் ஹியூவெட் 1980களில் ஹேங்கிளைடர்களுக்கு வகுத்த இழுப்பு நெறிகளும் இதே கவலையில் பிறந்தவை. மலையற்ற சமவெளிகள் இவற்றால் திறந்தன: 2002இல் டெக்சாஸின் சபாட்டாவில் கயிற்றில் ஏறிய வில் கேட் 423 கிலோமீட்டர் பறந்து உலக சாதனை படைத்தார்.

மழையின் ஆபத்து மெதுவாகத்தான் புரிந்தது. துணி கனமாவது அதில் ஒரு பகுதி மட்டுமே. மேற்பரப்பின் முன்விளிம்பருகே திரளும் துளிகள் காற்றோட்டத்தைக் கலைக்கின்றன. வழக்கமாகத் தாங்கும் பிரேக் அளவிலேயே இறக்கை ‘டீப் ஸ்டால்’ நிலைக்குப் போய், விரிந்தபடியே ஏறக்குறைய நேர்கீழே இறங்கும். பழைய, காற்றுக் கசியும் துணியில் இது இன்னும் எளிதாக நேரும். கயிறு சேர்ந்தால் நிலை மோசமாகிறது: இழுப்பு, இறக்கையைப் பறப்பவருக்குப் பின்னால் தள்ளிக் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைக் கூட்டுகிறது. நனைந்த கிளைடரைக் கயிற்றில் ஏற்றுவது இரண்டு ஆபத்துகளை ஒன்றாகக் கட்டுவதாகும்.

மழைமேகமே கொல்லும் என்பதை 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா காட்டியது. ஜெர்மன் வீராங்கனை எவா விஷ்னியர்ஸ்கா இடிமேகத்தால் ஏறத்தாழ 9,900 மீட்டர் உயரத்துக்கு இழுக்கப்பட்டு, நினைவிழந்து, உயிருடன் தரை சேர்ந்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்தார்.

இன்றைய கையேடுகள் மழையில் பறக்கவே வேண்டாம் என்கின்றன. வழியில் தூறல் பிடித்தால் பிரேக்கைத் தளர்த்தி, கால்மிதியால் வேகம் கூட்டி, இறக்கை நுனிகளை மடக்காமல் இறங்க வேண்டும். நனைந்த இறக்கையை அடுத்த ஏற்றத்துக்கு முன் நிழலில் முழுதும் உலர்த்த வேண்டும்.