பினாங்கில் படம் கழுவிய இருவர்

புகைப்படச் சுருளைக் கடைக்கு அனுப்பாது தம் வீட்டிலேயே கழுவிக்கொள்ளும் அன்பர்கள் ஓர் உண்மையை அறிவர். வேகங் குறைந்த சுருளே நுட்பமான படத்தைத் தரும். அதிலுள்ள வெள்ளி மணிகள் மிகச் சிறியன. ஆகையால் வெளிச்சத்தை மெல்லவே உட்கொள்ளும். எத்துணைப் பெரிதாக்கினும் படம் மணல் தூவியதுபோல் தோன்றாது. இல்ஃபோர்டு கம்பெனியார் 1948-ல் வெளியிட்ட பான் எஃப் என்னும் சுருள் அவ்வகையினது.

நிபோங் திபாலில் என் வீட்டுச் சமையற்கட்டில் அத்தகைய சுருளொன்றை முதன்முதல் கழுவியபோது நான் பிழை செய்தேன். மருந்து 20 டிகிரியில் இருத்தல் வேண்டும். நம் குழாய் நீரோ 28. நேரத்தைக் குறைக்காமல் கழுவினேன். சுருள் கரியாய்ப் போயிற்று. அது முதல் பனிக்கட்டியிட்ட பாத்திரத்தில் மருந்துக் குடுவையை அமர்த்திய பின்னரே வேலையைத் தொடங்குவது வழக்கம். மருந்து குளிரக் காத்திருந்த ஓரிரவில் ஒரு கேள்வி எழுந்தது. நூற்றறுபது ஆண்டுகட்கு முன், இதே வெப்பத்தில், இவ்வட்டாரத்தில் படம் கழுவிய கைகள் யாருடையவை?

ஜான் தாம்சன் என்பவர் எடின்பரோவில் 1837-ல் பிறந்தவர். 1862-ல் கீழ்நாடு போந்து, பினாங்கிலும் புரொவின்ஸ் வெல்லெஸ்லியிலுமாகச் சுமார் பத்து மாதம் தங்கிப் படம் பிடித்தார். நிபோங் திபால் அம்மாகாணத்தின் தென்கோடியில் உள்ளது. ரப்பரும் செம்பனையும் வருமுன் கரும்பு ஆண்ட பூமி அது. அக்கரும்பில் பாடுபட்டோருள் கப்பலேறி வந்த தமிழர் பலர். தாம்சன் தமக்கு அச்சிடுவோராகவும் உதவியாளராகவும் மதராஸ்காரர் இருவரைப் பழக்கினார். மனிதக் கை தொடாமல் உருவம் எடுப்பது பேய்த்தொழில் என்று சீனர் மறுத்துவிட்டனராம். 1875-ல் வெளியான தம் பிரயாண நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். அவ்விருவரையும் "கிளிங்" என்றே குறிக்கிறார். அன்று இங்கே அச்சொல் பெரும்பாலும் தமிழரையே சுட்டியது.

அவர்கள் கற்ற தொழில் எளிதன்று. அக்காலத்தில் சுருள் ஏது? கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் பசையை ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்துச் சீராகப் பரப்ப வேண்டும். மங்கிய மஞ்சள் ஒளியில் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் உலருமுன் கேமராவில் வைத்துப் பல விநாடி வெளிச்சங் காட்டி, உடனே இருட்டறைக்குக் கொண்டோடி, இரும்பு சல்பேட்டு நீரை ஒரே வீச்சில் பாய்ச்சினால் படம் எழும். இவையெல்லாம் சுமார் பத்து நிமிஷத்துக்குள் முடியாவிடின் தகடு பாழ். நம் நாட்டு வெப்பத்திலோ பசையிலுள்ள ஈதர் இன்னும் விரைந்து ஆவியாகும். இத்தனை மந்தமான தகட்டில் மணி என்பதே கண்ணுக்குப் புலப்படாது. இன்றைய பான் எஃப் அதன்முன் முரடு என்றே சொல்லுவேன்.

அச்சிடுதல் அடுத்த வேலை. முட்டை வெண்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் மிதக்கவிட்டு உலர்த்தி, தகட்டோடு சேர்த்து வெயிலில் காய வைத்து, தங்க உப்பில் நிறமேற்றி, ஹைப்போவில் நிலைப்படுத்தி, பலமுறை அலசவேண்டும். ஒரு தாளுக்கே இவ்வளவு!

தாம்சன் பின்னர் சயாம், கம்போடியா, சீனம் ஆகிய நாடுகளில் எடுத்த படங்களால் உலகப் புகழ் எய்தினார். அறுநூற்றுக்கு மேற்பட்ட அவருடைய கண்ணாடித் தகடுகளை 1921-ல் ஹென்றி வெல்கம் வாங்கினார். அவை லண்டனில் வெல்கம் நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. பினாங்கில் அவருக்கு அச்சிட்டுக் கொடுத்தவரோ "மதராஸ்காரர் இருவர்" என்பதோடு முடிந்தனர். ஒரு பெயர் எழுத எவ்வளவு மை செலவாகும்?

1871-ல் ரிச்சர்டு மாடாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் உலர்ந்த ஜெலட்டின் தகட்டுக்கு வழி கண்டார். அதன்பின் வெள்ளி உப்பைப் பூசும் வேலை ஆலைகளுக்குப் போயிற்று. ஆகவே, எத்தனை சுருள் கழுவினும் என் விரல்களில் கறையில்லை. வெள்ளி நைட்ரேட்டுக் கறையோ சவுக்காரத்துக்கு அசையாது. மேல்தோல் உரியும்வரை கருத்தே நிற்கும். அவ்விருவரும் அந்த விரல்களோடுதான் சோறு பிசைந்திருப்பர். ஊருக்குப் பணம் அனுப்பியிருந்தால், அதை எண்ணிக் கொடுத்தவையும் அவ்விரல்களே.