தேங்காயும் மாசியும்

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அருகே வார்லி தேவாலயம் இருக்கிறது. 1878-இல் கட்டியது. சுற்றிலும் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகள். பெயரும் வயதும் பொறித்தவை. ஹட்டன் பக்கம் போனால் அங்கே சற்று நின்றுவிட்டு வருவது என் வழக்கம். அந்த மலைகளைத் திருத்திய தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

'கீழ்ப்படிந்து நட, தேவையானதை ஆண்டவர் தருவார்' என்பது கிறிஸ்தவ வாழ்வின் அடிப்படைப் போதனை. மலையகத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. கீழ்ப்படியச் சொன்னவர்கள் அங்கே ஏற்கெனவே பலர் இருந்தனர்.

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியே கங்காணிகள் ஆள் சேர்த்ததாக மலையக மக்கள் இன்றும் சொல்வார்கள். நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது லயமும் கடனும். தோட்டத்தில் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. தொழிலாளி தோட்டம் மாறும்போது கடனையும் கூடவே அனுப்பிய 'துண்டு' முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

கோப்பிக் காலத்திலேயே, 1854-இல், இம்மக்களுக்கென்று சர்ச் மிஷன் சங்கத்தின் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து போதித்தனர். செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தனர். துரையின் பணத்தில் 'கீழ்ப்படி' என்ற சொல் ஒலித்தபோது, கேட்டவன் காதில் அது யாருடைய குரலாக விழுந்திருக்கும்?

வேதாகமத்தின் மன்னா கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வனாந்தரத்தில் விழுந்த அந்த உணவுக்குப் பற்றுக் கணக்கு கிடையாது. அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. பதுக்கியது புழுத்தது. தோட்டத்து அரிசி இதற்கு நேர் எதிரானது.

1973, 74-இல் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அதிகம் அடிபட்டது தோட்டங்கள்தான். பட்டினியால் மக்கள் மாண்டனர். நெல் விளைக்க நிலமில்லை. குரல் கொடுக்கப் பலருக்குக் குடியுரிமையும் இல்லை. அது 1948-லேயே பறிபோயிருந்தது. அவர்களிடம் போய் 'விசுவாசம் குறைவு' என்று எவராவது சொல்லியிருக்க முடியுமா?

அதற்குச் சற்று முன், 1972-இல், இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதயம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தோட்டத் தமிழர் உரிமைக்காகவும் சிங்களவர் தமிழர் நல்லுறவுக்காகவும் உழைத்து 2017-இல் மறைந்தார். கீழ்ப்படிதல் என்ற விரதத்தை ஏற்ற துறவி அவர். அந்தக் கீழ்ப்படிதல் அவரைப் பசித்தவர்களின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது.

எனக்குப் புலப்பட்டது இதுதான். ஐயாயிரம் பேர் பசித்திருந்த இடத்தில் இயேசு கூட்டத்திடம் எதையும் கேட்கவில்லை. உணவு கொடுங்கள் என்று சீடர்களிடம்தான் சொன்னார். ஆண்டவர் தருவார் என்பது மெய்யாக வேண்டுமானால், முதலில் கீழ்ப்படிய வேண்டியவன் அப்பத்தைக் கையில் வைத்திருப்பவன். தேங்காயும் மாசியும் காட்டி அழைத்துவரப்பட்ட மக்களுக்கு அந்தக் கீழ்ப்படிதல் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. காலையில் ஒரு கோப்பை தேநீர் அருந்தும் நாமெல்லாம் அந்தக் கணக்கில் அடங்குவோம்.