ஒரு பலகை வித்தியாசம்

கிட்டார் கற்க முடிவெடுத்தவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ‘யமஹா எஃப்310 போதும்’ என்பார் ஒருவர். ‘கொஞ்சம் கூடப் போட்டு எஃப்ஜி800 வாங்கிவிடுங்கள்’ என்பார் இன்னொருவர். அந்தக் ‘கொஞ்சம்’ ஏறக்குறைய இன்னொரு எஃப்310-இன் விலை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவதே சிரமம். உடலின் அகலம் இரண்டிலும் 412 மி.மீ.; கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் ‘நட்’டின் அகலம் இரண்டிலும் 43 மி.மீ. விலை ஏறுவதற்குச் சொல்லப்படும் தலையாய காரணம் முகப்புப் பலகை. எஃப்ஜி800-இல் அது ஸ்ப்ரூஸ் முழுமரம். எஃப்310-இல் மேலே மட்டும் ஸ்ப்ரூஸ் போர்த்திய ஒட்டுப்பலகை. இரண்டு கிட்டார்களையும் மடியில் வைத்து நாம் எடைபோட வேண்டியது இந்த ஒரு பலகையின் மதிப்பைத்தான்.

பலகையைக் கண்ணால் சோதிக்க ஒலித்துளையின் விளிம்பே போதும். எஃப்ஜி800-இல் மேற்பரப்பின் இழைக்கோடுகள் விளிம்பில் வளைந்து, பலகையின் கனம் முழுவதும் இறங்குகின்றன. எஃப்310-இல் கோடுகள் விளிம்போடு நின்றுவிடும். அடியில் இழை குறுக்கே ஓடும் வேறு அடுக்கு தெரியும். ஆனால் ‘முழுமரக் கிட்டார்’ என்று சொல்லி விற்பவர் ஒன்றை வாய்விட்டுச் சொல்வதில்லை: எஃப்ஜி800-இன் பின்பலகையும் பக்கப்பலகைகளும் ஒட்டுப்பலகைதான். முகப்பைக் கழற்றிவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

உறவு இன்னும் ஆழமாகப் போகிறது. எஃப்ஜி வரிசையின் மூதாதைகளான எஃப்ஜி180-உம் எஃப்ஜி150-உம் 1966-இல் வெளிவந்தன. யமஹா அப்போது நிப்பான் கக்கி என்ற பெயரில் ஜப்பானின் ஹமாமாட்சுவில் இயங்கியது. ஒலித்துளைக்குள் ஒட்டிய சிவப்பு லேபிளை வைத்தே ரசிகர்கள் அவற்றை இன்றும் அடையாளம் சொல்கிறார்கள். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அமெரிக்கப் பாடகர் கண்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று வாசித்தது ஓர் எஃப்ஜி150-ஐ. தேடித் தேடி வாங்கப்படும் அந்தச் சிவப்பு லேபிள் கிட்டார்களின் முகப்பு, ஒட்டுப்பலகை! ஆக, பெயரால் வாரிசு எஃப்ஜி800. உடற்கட்டால் வாரிசு, யாரும் அந்த மரியாதையைக் கொடுக்காத எஃப்310.

அப்படியானால் முழுமரம் வெறும் விளம்பரமா? இல்லை. காது அதை ஒத்துக்கொள்ளாது. ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் இழை ஒன்றுக்கொன்று குறுக்கே செல்கிறது; நடுவே பசை. குறுக்குவாக்கில் விறைப்பும் எடையும் கூடுவதால் தந்தி தரும் ஆற்றலில் ஒரு பங்கு பலகைக்குள்ளேயே அடங்கிப்போகிறது. முழுமர ஸ்ப்ரூஸ், எடைக்கு மிஞ்சிய விறைப்பு உள்ள மரம். எஃப்ஜி800-இல் அதன் அடியிலுள்ள விட்டச் சட்டங்களையும் இடையிடையே குழிவாகச் செதுக்கி, பலகை தாராளமாக அசைய வழிவிட்டிருக்கிறார்கள். 2016-இல் இந்த வரிசை புதுப்பிக்கப்பட்டபோது வந்த மாற்றம் இது.

விளைவை மெல்ல வாசித்தால்தான் கேட்க முடியும். விரல்நுனியால் மூன்றாம் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டிவிட்டு, அதையே அழுத்தி மீட்டிப் பாருங்கள். எஃப்ஜி800 இரண்டுக்கும் இரண்டு குரலில் பதில் சொல்கிறது. எஃப்310 அதே குரலைச் சற்று உயர்த்துகிறது, அவ்வளவே. பிக் பிடித்து ஆறு தந்திகளையும் ஓங்கித் தட்டும்போது இந்த வேறுபாடு பாதியாகச் சுருங்கிவிடுகிறது. கூடவே ஒருவர் பாடவும் தொடங்கிவிட்டால், எது எந்தக் கிட்டார் என்று பந்தயம் கட்ட நான் தயங்குவேன்.

எஃப்310-இல் அடிநாதமே இல்லை என்ற புகாரும் பாதிதான் உண்மை. இந்த அளவுள்ள கிட்டாரில் தாழ்ந்த சுரங்களுக்கு உரம் கொடுப்பது உள்ளே அடைபட்ட காற்று. அது சுமார் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்கிறது. அந்த அதிர்வைப் பெரிதும் நிர்ணயிப்பவை உடலின் கொள்ளளவும் ஒலித்துளையின் அகலமும். அவற்றில் இரண்டு கிட்டார்களும் நெருங்கியவை. பிரிவு தொடங்குவது அதற்கு மேலே, பலகையே குரல் கொடுக்கும் நடுச் சுரங்களில். அங்கே எஃப்310 தட்டையாக ஒலிக்கிறது, எஃப்ஜி800 விரிகிறது.

இனி கைக்கு வருவோம். இங்கேதான் மலிவானது முந்துகிறது. நட்டிலிருந்து, பிரிட்ஜின் மேல் தந்தி அமரும் சேடில் வரை தந்தியின் நீளம் எஃப்ஜி800-இல் 650 மி.மீ.; எஃப்310-இல் 634 மி.மீ. பதினாறு மில்லிமீட்டர்தானே என்று தள்ளிவிடலாகாது. ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் இருமடி விகிதத்தில் கூடும். கணக்கிட்டால் எஃப்ஜி800-இல் ஐந்து விழுக்காடு கூடுதல் இழுப்பு. 12 கேஜ் தந்திக் கட்டின் மொத்த இழுவிசை எழுபது கிலோவுக்கு மேல். அதில் ஐந்து விழுக்காடு என்பது மூன்றரை கிலோ. முதல் ஃப்ரெட்டின் இடைவெளியும் எஃப்310-இல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுகல். ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து எஃப் கார்டு பிடிக்கத் தடுமாறும் சிறுவனுக்கு இந்தச் சலுகை காதில் கேட்காது, விரலில் தெரியும். மறுபக்கம், கூடுதல் இழுப்பும் வீணாவதில்லை. எஃப்ஜி800-இன் தடித்த தந்தி ஓங்கி அடித்தாலும் தளர்ந்து உளறாமல் நிற்பதில் அதற்கும் பங்குண்டு.

வானிலை இன்னொரு தட்டு. முழுமரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். கிட்டாருக்கு உகந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் அது எழுபதைத் தாண்டுவது சர்வசாதாரணம். மழைக்காலத்தில் எஃப்ஜி800-இன் முகப்பு பிரிட்ஜுக்குப் பின்னால் மெல்ல உப்பும். பிரிட்ஜ் உயர, தந்திகளும் ஃப்ரெட்டை விட்டு உயரும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் வறண்டால், இழை நெடுக வெடிப்பு விழும் அபாயம். எஃப்310-இன் குறுக்கடுக்குகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால் அது இந்த ஆட்டத்தில் அதிகம் கலந்துகொள்வதில்லை. ஒலியைத் தடுத்த அதே பசையும் குறுக்கிழையும் இங்கே காவல் காக்கின்றன. கழுத்துக்கு மட்டும் இந்தக் காவல் இல்லை. அது இரண்டிலும் திண்மரம். ஆகவே கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகி நிமிர்த்தும் வேலை இரண்டுக்கும் வரும்.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும், கடையில் கையிலெடுக்கும் அந்த ஒரு கிட்டாரின் ‘செட்டப்’ எல்லாக் கணக்கையும் கவிழ்த்துவிடக்கூடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் தடித்த தந்திக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. பெட்டியிலிருந்து எடுத்தபடியே வரும் மலிவுக் கிட்டார்களில் அது மூன்றைத் தாண்டியும் நிற்பதுண்டு. நட்டின் பள்ளம் ஆழம் போதாமல் இருந்தால், முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் தந்தியை அமுக்கவே வலிக்கும்; அமுக்கிய சுரமும் சற்று ஏறி ஒலிக்கும். சேடிலின் அடியைத் தேய்த்து, நட்டைச் சீர்செய்து, கழுத்தை நேராக்கிய எஃப்310, செட்டப் பார்க்காத எஃப்ஜி800-ஐவிட இனிமையான வாத்தியம். பாடிக்கொண்டே கார்டு தட்ட விரும்புபவருக்கு என் தேர்வு எஃப்310. மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதி நல்ல பழுதுபார்ப்பவருக்குப் போகட்டும். பிக்கை விட்டுவிட்டு விரல்களால் தனித்தனித் தந்தியாக வாசிக்கும் ஆசை உள்ளவர் எஃப்ஜி800-க்கே போகலாம். அந்த மென்மையை ஒட்டுப்பலகை எவ்வளவு செட்டப் செய்தாலும் தராது.

எதை எடுத்தாலும், பிரிட்ஜுக்கு மேலே சேடில் எவ்வளவு உயரம் நீண்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஆண்டுகள் போகப் போக தந்திகளின் இழுவிசையில் கழுத்தின் கோணம் மெல்லச் சாயும், தந்தி உயரும். அப்போது தேய்த்துக் குறைக்க இருக்கும் கையிருப்பு அந்தச் சில மில்லிமீட்டர்களே. அது தீர்ந்தபின் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தலாம்தான். எஃப்ஜி800-க்கு அந்தக் கூலியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். எஃப்310-க்கு யோசிக்கவே இடமிருக்காது, அந்தக் கூலியில் புதிதே வாங்கிவிடலாம்.